மெதுவா ஓட்டறதுக்கு என்ன கண்ணு இத்தனை அவசரம்?

வா ராசா, உக்காரு. ரம்பம், பிவிசி பைப்பு, யூனியன், ஊதாக் கலர்ல ஒரு டப்பா, ஆளுசரத்துக்கு ஒரு பெட்டியில நீச்சல் குளத்துக்குப் புதுப் பம்பு... அல்லாமே வந்துருச்சு. வீடியோவும் பாத்து முடிச்சுட்டே. இனி இந்த பீனிக்ஸ் பட்டணத்துலயே உன்னைய மிஞ்சின மெக்கானிக்கு ஆரு இருக்கறான்? சைக்கிள் செயின் கழண்டா அப்புச்சின்னு கத்துன பயதான் நீயி. அது பழைய கதை, வுடு.

பழைய பம்பு மேல என்ன கோவம் உனக்கு? தகட்டுல 3450னு சுத்து போட்டிருக்குது. நம்மூர்ல இதே ரக மோட்டாரு 2880 சுத்தும். இங்க கரண்டு 60 ஹெர்ட்ஸ், அதனால இந்தப் பறப்பு. அந்த ஒரே வேகத்துல தெனம் 8 மணி நேரம் உன் குளத்துத் தண்ணியை பில்டருக்குள்ள அடிச்சுத் தள்ளுது. அதுல எறங்கிக் குளிக்கறதுக்குத்தான் ஊட்டுல ஆளைக் காணோம். குடும்பத்துல நெதமும் குளிக்கறது அந்தத் தண்ணி மட்டுந்தான்.

புதுசுல என்ன விசேசம்னா, வேகத்தைக் கொறைச்சுக்கலாம். பாதி வேகத்துல பாதித் தண்ணிதான் வரும், ஆனா கரண்டு பாதி இல்லை கண்ணு, கணக்குப்படி எட்டுல ஒரு பங்கு. பொடிநடையாப் போறவனுக்கு மூச்சு வாங்காது, ஓடறவனுக்குத்தான் வாங்கும். உன் பழைய பம்பு 2000 வாட் இழுக்குதுன்னு வெச்சுக்கோ. 8 மணி நேரத்துக்கு 16 யூனிட். புதுசைப் பாதி வேகத்துல 16 மணி நேரம் ஓட்டுனா அதே தண்ணிதான் சுத்தும். அது 250 வாட்டுன்னு ஏட்டுக் கணக்கு, வேகத்தை மாத்தற டிரைவு திங்கறதும் சேத்தா 350னே வெச்சுக்கலாம். அப்பவும் 6 யூனிட்டைத் தாண்டாது. இதுக்குத்தான் இந்த நாட்டு அரசாங்கம் 2021 ஜூலையிலிருந்து புதுசாத் தயாராகற பெரிய பம்புகளுக்கு ஒரு சிக்கன அளவு வெச்சுது. பழைய ஒத்தை வேகப் பம்பு அந்த அளவைத் தாண்ட முடியாம நின்னுபோச்சு.

ஆனா மிச்சம் பெட்டிக்குள்ள இல்லை, உன் பொறுமையில இருக்குது. அங்கதான் எனக்கு இடிக்குது. ரோட்டுல பச்சை விழறதுக்குள்ள ஆரன் அடிக்கற ஆளு நீ. மாட்டுன மக்யா நாளே 'தண்ணி சொட்டுச்சொட்டா வருது அப்புச்சி'ன்னு பொத்தானை அமுக்கி 3450க்கு ஏத்தீருவே. தாராளமா ஏத்து. கரண்டு பில்லு எப்பவும் போல வரும், பம்பு வாங்குன கடனும் கூட வரும்.

ரொம்பத்தான் மெதுவாப் போயிட்டாலும் தொல்லை இருக்குது. உப்புல குளோரின் பண்ற பெட்டிக்கு ஓரளவு தண்ணி ஓடோணும், இல்லாட்டி அது வேலையை நிறுத்திக்கும். ஹீட்டரும் அப்படித்தான், அழுத்தம் பத்தாட்டி பத்தவே பத்தாது. மேல மெதக்கற தூசியும் மெதுவா ஓடுனா குளத்து ஓரத்து வாய்க்குள்ள போகாது. உங்கூர்ல ஆடி ஆவணியில செவப்பா ஒரு புழுதிச் சொவரு எந்திரிச்சு வருமே, அது வந்துட்டுப் போன அன்னைக்கு மட்டும் சித்த நேரம் வேகமா ஓட்டு. மத்த நாளு, உப்புப் பெட்டி மொனகாத அளவுக்கு எது கீழான வேகமோ, அதைப் பாத்து வெச்சுக்கோ.

இப்ப ஒயருக்கு வா. இங்கதான் நம்மாளுக ஏமாறுவாங்க. நம்மூட்டுல 230ன்னா ஒண்ணு பேஸு, ஒண்ணு நூட்டரு. இங்க 240 வர்ற ரெண்டு கம்பியுமே சூடு கண்ணு, ரெண்டுலயும் தனித்தனியா 120 இருக்கும். ஒத்தைக் கம்பியில டெஸ்டரை வெச்சுட்டு 'செத்துருச்சு'ன்னு கைய வெச்சா, மத்தது உன்னைய விசாரிக்கும். பிரேக்கரை எறக்கு, மூடியைக் கழட்டு, ரெண்டு கம்பியிலயும் டெஸ்டரை வெச்சுப் பாரு, பொறவு கைய வெய்யி. பழைய பம்பு 115ல ஓடுனதா 230லயான்னும் பாத்துக்கோ. புதுசுக்குப் பெரும்பாலும் 230 வேணும், அதைத் தடவிப் பாத்துக் கண்டுபிடிக்காதே.

மோட்டாரு ஒடம்புல மொத்தமா ஒரு மொட்டைச் செம்புக் கம்பி மாட்டியிருக்கும். எர்த்துத்தான் இருக்குதே, இது எதுக்கு உபரியான்னு கழட்டி வெச்சுராதே. எர்த்து வேற, இது வேற. குளத்து இரும்பையும் ஏணியையும் பம்பையும் ஒண்ணாக் கட்டி வெக்கறது அது. ஈரக் காலோட நிக்கற புள்ளைகளுக்கு ஷாக் அடிக்காம இருக்கறது அதுனாலதான்.

சொவத்துல இருக்கற பழைய டைமர் டப்பா புதுப் பம்புக்கு வேண்டாம். இதுக்குள்ளயே கடிகாரம் இருக்குது, கரண்டு நேரா வந்துட்டே இருக்கோணும். ஆனா உப்புப் பெட்டியும் அந்த டைமர்லயே தொத்திட்டிருக்குதான்னு பாரு. டைமரை எடுத்துட்டீன்னா, பம்பு நின்ன பொறவும் அதுக்குக் கரண்டு போயிட்டே இருக்கும். தண்ணி ஓடாத பைப்புக்குள்ள ஹைட்ரஜன் சேந்துச்சுன்னா வெடிக்கற சாமான் அது. புரியலையா? எலக்ட்ரீசியனைக் கூப்பிடு. வாரண்டிச் சீட்டுல பொடி எழுத்துலயும் அதைத்தான் சொல்லியிருப்பான், லைசென்ஸ்காரன் மாட்டோணும்னு. அதைப் படிக்கறதுக்கு வீடியோ இல்லையாட்ட இருக்குது.

பைப்பு வேலை உனக்கே வந்துரும். அறுக்கறதுக்கு முந்தி புதுப் பம்பைப் பக்கத்துல வெச்சு வாய் எந்த ஒசரத்துல இருக்குதுன்னு அளந்துக்கோ, பழையதோட ஒத்தே வராது. மொதல்ல ஊதாத் தண்ணி, பொறவு சொல்யூசன், கால் திருப்பு திருப்பி அழுத்திப் புடி. ரெண்டு பக்கமும் யூனியன் போடு. மூடி ரப்பருக்குச் சிலிகான் கிரீஸ் மட்டும், அம்மிணியோட வாசலின் டப்பாவை எடுத்துராதே. கூடை நெறையத் தண்ணி ஊத்திட்டு ஓட்டு. காத்து வாங்குச்சுன்னா என்னையக் கூப்பிடு. புட்வால்வுக்குச் சாணியைக் கரைச்சு ஊத்தித் தண்ணி எடுத்த ஆளு நானு. இங்க சாணி கெடைக்காது, அது ஒண்ணுதான் கொறை.

'நம்ம தோட்டத்துல நீ இப்படியெல்லாம் பாத்தியா அப்புச்சி'ன்னு கேக்கறியா? 1990லிருந்து எங்களுக்கு பம்பு செட்டுக்குக் கரண்டே சும்மா, நான் எதுக்கடா வேகத்தைக் கொறைக்கப் போறேன்?

சரி, பழைய மோட்டாரை யாருக்கும் குடுத்துராதே. 60 ஹெர்ட்ஸ் சாமான், ஊர்ல ஓட்டறதுக்கு ஆகாதுன்னு தெரியும். உள்ள சுத்தியிருக்கறது செம்பா அலுமினியமான்னு நான் பிரிச்சுப் பாத்துக்கறேன். செம்பா இருந்தா, ஊருக்குப் போறப்ப உங்க அம்முச்சி பெட்டியில எத்தனை கிலோ இன்னும் தாங்கும்னு கேட்டுச் சொல்லு.