மதிப்பெண் பார்த்தலியல்: இணையதள அதிகாரத்தின் தோற்றமும் திரிபும்

இணையதளம் நடத்துவோர் காலையில் கணினியைத் திறந்ததும் முதலில் செய்யும் வினை, தம் தளத்திற்கு வந்தவர் எதைப் படித்தனர் என்று அறிவதன்று. எஸ்இஓ கருவி ஒன்றினுள் நுழைந்து, வட்டமொன்றின் நடுவே பெரிதாக நிற்கும் ஓர் எண்ணைப் பார்ப்பதே ஆகும். அவ்வெண் நேற்று 27ஆக இருந்து இன்று 28ஆகியிருப்பின் அன்றைய பணி ஊக்கத்துடன் தொடங்குவதும், 26ஆகியிருப்பின் அவசரக் கூட்டம் ஒன்று கூட்டப்படுவதும் இத்தொழிலின் வழக்கம். கிரகணத்தையும் எறும்பின் சாரையையும் ஆராய்ந்த அறிவுலகம் இவ்வழக்கத்தின்பால் காட்டிய பாராமுகம் வருந்தத்தக்கது. அவ்வெண் எங்கிருந்து பிறக்கிறது என்பதும், அது அளப்பதற்கும் அளப்பதாக நம்பப்படுவதற்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதும் இங்கு ஆராயப்படும்.

எஸ்இஓ என்பது தேடுபொறியின் முடிவுப் பட்டியலில் ஒரு தளத்தை மேலே ஏற்றுதற்குச் செய்யப்படும் முயற்சிகள் அனைத்திற்கும் பொதுப்பெயர். பேக்லிங்க் என்பது பிறர் தளம் ஒன்றிலிருந்து ஒருவர் தளத்தை நோக்கி வரும் இணைப்பு; தன் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குத் தானே கொடுத்துக்கொள்ளும் இணைப்பு இக்கணக்கில் சேராது. சேராமைக்குரிய காரணத்தைத் தமிழ் இலக்கண மரபு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தந்துவிட்டது. ஒருவன் எத்துணை அரிய நூல் செய்யினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று விதிக்கும் நன்னூல், அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்தற்குரியோர் அவனுடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர் ஆகிய நால்வரே என வரையறுக்கிறது. எனவே பேக்லிங்க் என்பது ஒரு தளத்திற்குப் பிறர் செய்யும் சிறப்புப்பாயிரம் என்க.

நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் நால்வரோடு நிறுத்திக்கொண்டார். அந்நால்வரையும் இணையம் எவ்வாறு பெருக்கிக்கொண்டது என்பது தனியே நோக்கத்தக்கது. உடன் கற்றவர் இருவர் ஒருவர்க்கொருவர் பாயிரம் எழுதிக்கொள்வது இத்தொழிலில் லிங்க் எக்ஸ்சேஞ்ச் எனப்படும். மாணவர் இல்லாத ஆசிரியர் பத்துப் பன்னிரண்டு தளங்களைத் தாமே தொடங்கி, அவற்றுக்கு மாணவர் வேடமிட்டு, அவை அனைத்தையும் தம்மைப் புகழச் செய்வது பிபிஎன் எனப்படும். உரைகாரர் போல் ஒருவர் தளத்திற்கு வலியச் சென்று கட்டுரை எழுதிக் கொடுத்து, அதன் மூன்றாம் பத்தியில் தம் இணைப்பைச் செருகிவிட்டு வருவது கெஸ்ட் போஸ்ட். ஆசிரியர் பாயிரம் ஒன்றுதான் இன்றும் அரிது; பல்கலைக்கழகத் தளத்திலிருந்தோ நாளிதழிலிருந்தோ கேளாமல் வரும் இணைப்பு அவ்வகையைச் சேர்ந்தது, அதனை எப்படிப் பெறுவது என்று எல்லோரும் எழுதுகிறார்கள், சிலரே பெறுகிறார்கள்.

பாயிரங்களை எண்ணி மதிப்பிடும் வேலை இணையத்திற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோளிடுகின்றன என்று தொகுத்தால் அறிவியலின் போக்கை அறியலாம் என்று யூஜின் கார்ஃபீல்டு 1955இல் முன்மொழிந்தார். 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1996 அளவில் இதே கருத்தை இணையப் பக்கங்களின்மேல் ஏற்றினர்; பின்னர் கூகுள் எனப்பட்ட அவர்களுடைய தேடுபொறிக்கு அப்போது பேக்ரப் என்று பெயர். எத்தனை பேர் சுட்டுகின்றனர் என்பதோடு, சுட்டுபவரை எத்தனை பேர் சுட்டுகின்றனர் என்பதையும் கணக்கில் எடுத்ததே பேஜ்ரேங்க் என்னும் அம்முறையின் புதுமை. அதன் உள்ளே ஒரு கற்பனை மனிதர் இருக்கிறார். அவர் ஒரு பக்கத்தில் நின்று, கண்ணில் பட்ட இணைப்பு ஒன்றைச் சொடுக்கி அடுத்த பக்கம் செல்வார், அங்கிருந்து மற்றொன்று, இடையிடையே சலிப்புற்று எங்கோ தொடர்பில்லாத பக்கத்திற்குத் தாவுவார். தொடர்ந்து சொடுக்குதற்கு 0.85, சலிப்புக்கு 0.15 என்று நிகழ்தகவு வகுக்கப்பட்டது. முடிவின்றி அலையும் இவர் எப்பக்கத்தில் அதிக நேரம் காணப்படுவாரோ அப்பக்கமே மதிப்புடையது. இம்மனிதர் எதையும் படிப்பதில்லை என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

இக்கணக்கு தேடுபொறியின் உள்ளறையிலேயே இருந்திருப்பின் மதிப்பெண் பார்த்தலியல் என்றொரு துறையே தோன்றியிராது. 2000 டிசம்பரில் கூகுள் தன் டூல்பாரை வெளியிட்டு, பார்க்கும் பக்கம் ஒவ்வொன்றின் பேஜ்ரேங்கையும் 0 முதல் 10 வரையிலான பச்சைப் பட்டையாக உலாவியின் உச்சியில் காட்டியது. அதுவரை இணைப்பு என்பது படிப்பவருக்கு வழிகாட்டும் பொருள். அன்றுமுதல் அது விலை உள்ள பொருள். 7 உள்ள தளத்திலிருந்து வரும் இணைப்பு 4 உள்ள தளத்தின் இணைப்பைவிட எத்தனை மடங்கு பெறுமானமுடையது என்னும் வினாவுக்கு விடை கண்டவர்கள் தரகர்களே.

அத்தரகுத் தொழிலிலிருந்து பிறந்த வழக்கொன்று இத்துறைக்கு மூலச் சான்றாக விளங்குகிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த சர்ச்கிங் என்னும் நிறுவனம், உயர்ந்த பேஜ்ரேங்க் உடைய தளங்களில் விளம்பர இணைப்புகளை இடம்பிடித்துத் தரும் வணிகத்தை 2002இல் தொடங்கியது. சிறிது காலத்திற்குள் அதன் சொந்தத் தளத்தின் மதிப்பெண் 8லிருந்து 4ஆகச் சரிந்தது. கூகுள் வேண்டுமென்றே குறைத்துத் தன் வணிகத்தைக் கெடுத்தது என்று அந்நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2003 மே மாதம் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஒரு தளத்தின் முக்கியத்துவம் இவ்வளவு என்பது மெய் என்றோ பொய் என்றோ நிறுவ முடியாத ஒரு கருத்து. கருத்துரைக்கும் உரிமை அரசியலமைப்பால் காக்கப்பட்டது. எனவே கூகுள் வேண்டுமென்றே குறைத்திருப்பினும் குற்றமில்லை என்பது தீர்ப்பின் சாரம். கணிதச் சூத்திரத்தால் பிறந்து, எண் வடிவம் கொண்டு, பச்சை நிறத்தில் தோன்றிய ஒன்று, சட்டத்தின் முன் வெறும் அபிப்பிராயமே என்று உறுதியான நாள் அது. இத்துறையினர் ஆண்டுதோறும் நினைவுகூர வேண்டிய அந்நாளை எவரும் நினைவுகூர்வதில்லை; அன்றும் மதிப்பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பர்.

பச்சைப் பட்டையின் எண்கள் 2013 டிசம்பருக்குப் பின் புதுப்பிக்கப்படவில்லை. 2016இல் பட்டையே நீக்கப்பட்டது. மாண்ட எண்ணை இரண்டாண்டுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தோர் பலர். ஆயினும் அரியணை வெறிதாகவில்லை. பட்டை மறையும் முன்னரே தனியார் கருவிகள் தத்தம் எண்களுடன் வந்துவிட்டிருந்தன: சியாட்டில் நகரத்து மோஸ் டொமைன் அத்தாரிட்டியையும், சிங்கப்பூரின் ஏஹ்ரெஃப்ஸ் டொமைன் ரேட்டிங்கையும், இங்கிலாந்தின் மெஜஸ்டிக் டிரஸ்ட் ஃப்ளோ, சைட்டேஷன் ஃப்ளோ என்னும் இரட்டையரையும் வழங்கின; செம்ரஷ் தன் அத்தாரிட்டி ஸ்கோருடன் பின்னர் வந்தது. அனைத்தும் நூறை உச்சமாகக் கொண்டவை. பத்தின் இடத்தை நூறு பிடித்ததால், ஒவ்வொரு காலையும் கவலைப்படுதற்குரிய படிகள் பத்து மடங்காயின.

இவை ஒன்றையே அளப்பதாகக் கொள்வது பிழை. ஏஹ்ரெஃப்ஸின் எண் பெரும்பாலும் இணைப்புகளின் வலிமையை மட்டுமே காட்டுவது. எத்தனை தனித்தனித் தளங்கள் சுட்டுகின்றன, அவற்றின் சொந்த மதிப்பெண் என்ன, அவை வேறு எத்தனை தளங்களுக்குத் தம் இணைப்பைப் பகிர்ந்தளிக்கின்றன என்பவற்றால் அமைவது. தளத்தின் வயதும் அதற்கு வரும் வாசகர் எண்ணிக்கையும் அதில் சேரா. செம்ரஷின் எண்ணோ தேடுபொறி வழி வரும் வாசகரையும், இணைப்புகள் இயல்பானவையா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. மோஸின் எண், ஒரு தளம் பிற தளங்களோடு ஒப்பிடத் தேடல் முடிவில் மேலே வரும் வாய்ப்பினைக் கணிக்கும் முன்கணிப்பு. மேலும் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தத் தானியங்கியை, அஃதாவது கிராலரை, இணையமெங்கும் அனுப்பித் தான் கண்டதைக் கொண்டே கணக்கிடுகிறது; ஒன்று கண்ட தளத்தை மற்றொன்று கண்டிருக்கத் தேவையில்லை. போதாதற்கு, பிபிஎன் நடத்துவோர் இக்கிராலர்களைத் தம் வாயிலிலேயே தடுத்து நிறுத்திவிடுவதும் உண்டு. ஒரே தளம் ஓரிடத்தில் 41, ஓரிடத்தில் 28, ஓரிடத்தில் 19 என நிற்குமாயின், மூன்றும் சரி. அதன் உரிமையாளர் எந்தக் கருவிக்குச் சந்தா புதுப்பிப்பார் என்பது மட்டும் கணிதத்தால் கணிக்கக்கூடியது.

இவ்வெண்கள் மடக்கை அளவுகோலை ஒட்டியவை, அதாவது மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு படியும் உயரமாகும். 20லிருந்து 30க்கு ஏறுதல் ஒரு நல்ல ஆண்டின் உழைப்பில் கைகூடலாம். 70லிருந்து 80க்கு ஏறுவதற்கு முந்தைய உழைப்பு முழுவதும் போதாது. இதனினும் நுட்பமானது ஒன்று உண்டு. எண் ஒப்பீட்டால் அமைவதாகையால், உச்சியில் இருக்கும் பெருந்தளங்கள் ஏராளமான புதிய இணைப்புகளைப் பெற்றாலோ, கருவி தன் சூத்திரத்தைத் திருத்தினாலோ, எதுவுமே செய்யாத சிறுதளத்தின் எண் இறங்கும். 2019 மார்ச்சில் மோஸ் தன் கணக்கீட்டைப் புதுப்பித்தபோது, முந்தைய நாள் இருந்தபடியே இருந்த தளங்கள் பல புதிய எண்ணோடு விழித்தன. செய்த வினையின்றியே பயன் வந்தடையும் இந்நிலைக்கு வினைக்கொள்கையை ஏற்கும் இந்தியத் தத்துவ மரபுகளில் இடமில்லை.

அற்றேல், இவ்வெண்ணைக் கூகுள் தன் வரிசைப்படுத்தலுக்குப் பயன்படுத்துகிறதோ எனின், இல்லை. டொமைன் அத்தாரிட்டியை நாங்கள் பயன்படுத்துவதில்லை என்று அந்நிறுவனத்தார் பலமுறை கூறியுள்ளனர். பிறர் வகுத்த எண்ணை அவர்கள் ஏன் பயன்படுத்த வேண்டும் என்பதும் நேரிய வினாவே. அற்றேல், தளம் முழுமைக்குமான அதிகாரம் என்றொன்று கூகுளிடம் இல்லவே இல்லையோ எனின், அதுவும் அன்று. 2024 மே மாதம் கூகுளின் உள்ளாவணங்கள் சில வெளியே கசிந்தபோது, தள அதிகாரம் என்று பொருள்படும் 'சைட்அத்தாரிட்டி' என்னும் பெயர் அவற்றுள் காணப்பட்டது. ஆவணங்கள் மெய்யானவை என்று ஒப்புக்கொண்ட கூகுள், அவற்றைக் கொண்டு தவறான முடிவுகளுக்கு வரலாகாது என்றும் எச்சரித்தது. அக்கசிவை வெளியுலகுக்கு அறிவித்தவர்களுள் ஒருவர் ராண்ட் ஃபிஷ்கின். டொமைன் அத்தாரிட்டியைப் படைத்த மோஸின் இணை நிறுவனர், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அங்கிருந்து விலகியவர். கருத்தைப் படைத்தவரே அதன் நிழலைப் பகைவர் அரண்மனையில் கண்டறிந்தார் என்னும் இச்செய்தி காப்பியத்திற்குரியது.

கருவிகள் பயனற்றவை என்று இதனால் முடிவு கட்டலாகாது. வட்டத்தினுள் இருக்கும் எண்ணைவிட அதன் கீழே இருக்கும் பட்டியல் அறிவுடையது, அங்கு உருட்டிச் செல்வோர்தாம் குறைவு. பேக்லிங்க் தொகை வேறு, சுட்டும் தளங்களின் தொகை வேறு. பத்தாயிரம் பக்கங்கள் உள்ள ஒரு தளம் தன் அடிப்பகுதியில் ஒரு பெயரைப் பொறித்துவிட்டால் பத்தாயிரம் பேக்லிங்க் வந்ததாகக் கருவி காட்டும். பாயிரம் எழுதியவர் ஒருவரே. அடுத்து நோக்கத்தக்கது ஆங்கர் டெக்ஸ்ட், அஃதாவது இணைப்பைத் தாங்கி நிற்கும் சொல். இயல்பாகச் சுட்டுவோர் தளத்தின் பெயரையோ முகவரியையோ இட்டுச் சுட்டுவர். நூற்றுக்கணக்கானோர் ஒரே விற்பனைச் சொல்லை இட்டுச் சுட்டினால் எழுதியவர் ஒருவரே என்பது பெறப்படும். ஜே.சி. பென்னி என்னும் அமெரிக்கப் பேரங்காடி, ஆடை முதல் படுக்கை விரிப்பு வரை எதைத் தேடினும் கூகுளில் முன்னே நின்றதன் காரணத்தை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் ஆராய்ந்தபோது, ஆடையோடு தொடர்பே இல்லாத தளங்களில் ஆடைச் சொற்களின்மேல் அவ்வங்காடிக்கு இணைப்புகள் நடப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. அங்காடி தனக்கு ஒன்றும் தெரியாது என்றது. முதலிடங்களிலிருந்து பல பக்கங்கள் பின்னே சென்றது.

நோஃபாலோ என்னும் குறியும் அப்பட்டியலிலேயே தெரியும். சுட்டுகிறேன், ஆனால் பரிந்துரைக்கவில்லை என்று தேடுபொறிக்கு மட்டும் காதோடு சொல்லும் இக்குறியைக் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் 2005 ஜனவரியில் ஒருசேர ஏற்றன. ஆங்கில விக்கிப்பீடியா 2007 முதல் தன் வெளியிணைப்புகள் யாவற்றுக்கும் இதனை இடுகிறது; அதன்பின்னும் அங்கு இணைப்புச் செருகுவோர் குறையாமை மனித நம்பிக்கையின் ஆழத்திற்குச் சான்று.

2012 ஏப்ரலில் கூகுள் பெங்குவின் என்னும் மாற்றத்தால் செயற்கை இணைப்புகளைப் பெருமளவில் தண்டிக்கத் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில், தள உரிமையாளர் தமக்கு வந்த இணைப்புகளைத் தாமே மறுதலிக்கும் வசதியைத் தந்தது. முந்தைய ஆண்டுகளில் காசு கொடுத்துப் பாயிரம் வாங்கியோர், அதனை நீக்கித் தருமாறு எழுதியவருக்கு மீண்டும் காசு கொடுத்த காலம் அது. ஓர் அளவு இலக்காக மாறியதும் நல்ல அளவாக இருத்தலை இழக்கிறது என்னும் விதிக்கு, 1975இல் நாணயக் கொள்கை பற்றி எழுதிய பிரித்தானியப் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயர் வழங்குகிறது; அவர் எஸ்இஓ பற்றி ஏதும் எழுத வேண்டியிருக்கவில்லை. இன்றும் இணைப்பு விற்போரின் விலைப்பட்டியல் 'டிஏ 50க்கு மேல்' என்று டொமைன் அத்தாரிட்டி எண்ணைக் கொண்டே வரிசைப்படுத்தப்படுகிறது. பதிவு காலாவதியான பழந்தளங்களை வாங்கி அவற்றின் இணைப்புகளைத் தம் தளத்திற்குத் திருப்பிவிட்டு, ஒரு வாசகரும் வராமலேயே எண்ணை உயர்த்துவோரும் உளர். வாங்குபவர் எண்ணைப் பார்க்கிறார், விற்பவர் எண்ணைத் தருகிறார், இதில் ஏமாற்றப்பட்டவர் யார் என்பது தெளிவாக இல்லை.

ஆய்வுக்குரிய பொருளொன்று எஞ்சியுள்ளது. கருவி தரும் நிறுவனங்களின் சொந்தத் தளங்கள், அக்கருவிகளின் கணக்குப்படியே மிக உயர்ந்த எண்களைப் பெற்றவை. காரணம் எளிது. மதிப்பெண் இன்றியமையாதது என்று எழுதுவோர் அதன் வரையறைப் பக்கத்திற்கு இணைப்புத் தருகின்றனர். மதிப்பெண் பொருளற்றது, அதனை நம்பாதீர் என்று எழுதுவோரும், எதை நம்பலாகாது என்று காட்டும் பொருட்டு அதே பக்கத்திற்கு இணைப்புத் தருகின்றனர். கற்பனை மனிதர் படிப்பதில்லையாதலால் இருவரையும் ஒன்றாகவே எண்ணுகிறார். இக்கட்டுரையில் இணைப்பு எதுவும் தரப்படவில்லை.