ஒயரா, ஆயிலா? மலை சைக்கிளுக்கு பிரேக் வாங்க ஏழு படிகள்

மலை சைக்கிள் வாங்கப் போகிறவருக்கு நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம் ஆகும், பிரேக்கைத் தேர்ந்தெடுக்க ஒரு வருடம் ஆகும். ஒயர் இழுத்துப் பிடிக்கும் மெக்கானிக்கல் டிஸ்க்கா, ஆயில் தள்ளிப் பிடிக்கும் ஹைட்ராலிக் டிஸ்க்கா என்று கேட்டுப் பாருங்கள், நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். இரு கட்சியையும் ஒருசேரப் பகைத்துக்கொள்ள விரும்புவோர் இந்த முறையைப் பின்பற்றலாம்.

படி 1: இல்லாத மலைக்குத் தயாராகுங்கள்

நீங்கள் தினமும் போவது வேளச்சேரியிலிருந்து தரமணி வரை. வழியில் வரும் ஆக உயர்ந்த சிகரம் ஒரு மேம்பாலம். அதற்காக மனம் தளர வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வருகிற ஞாயிற்றுக்கிழமையே இறங்கப் போகிறவர் போல யோசியுங்கள். முன் சக்கரத்துக்கு 203 மில்லிமீட்டர் ரோட்டர் (அதுதான் அந்த டிஸ்க் தட்டு), அதைக் கவ்வ நாலு பிஸ்டன் காலிப்பர் என்று கேளுங்கள். ‘உங்களுக்கு 160 போதுமே’ என்று யாராவது சொன்னால், அவருக்கு உங்கள் லட்சியம் புரியவில்லை என்று பொருள்.

படி 2: முன்னோரை நினைத்து நடுங்குங்கள்

1976-ல் கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே சில இளைஞர்கள் பழைய, கனத்த சைக்கிள்களில் மலையிறக்கப் பந்தயம் தொடங்கினார்கள். சுமார் 3 கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் இறங்கும் மண் பாதை அது. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக்தான் ஆரம்பத்தில் அவர்களுக்குத் துணை. அடிவாரம் வருவதற்குள் ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். பிரித்துப் புது கிரீஸ் அடைத்தால்தான் மறுபடி இறங்க முடியும். அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ (மறுபடி அடைத்தல்) என்ற பெயர் வந்ததே அதனால்தான். ஆக, அங்கே இறங்கியவர்களுக்குத் தங்கள் பிரேக்கைத் தாங்களே பிரித்து மாட்டத் தெரிந்திருந்தது. இந்தக் கடைசி விவரத்தை மட்டும் உடனே மறந்துவிடுங்கள். நினைவில் வைத்திருந்தால் மீதிப் படிகளுக்கு வேலை இருக்காது.

படி 3: பாஸ்கலைத் துணைக்கு அழையுங்கள்

அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது இப்போது கைகொடுக்கும். லீவரில் சின்ன பிஸ்டன், காலிப்பரில் பெரிய பிஸ்டன். ஒரு விரலால் அழுத்தினாலும் அங்கே விசை பல மடங்காகிறது. ஒயர் பிரேக்கில் உங்கள் கைவலுவில் ஒரு பங்கை ஒயரின் உரசலும் உறையின் நெளிவும் தின்றுவிடும். ஆனால் சமதளத்தில் ஒழுங்காக வைத்திருக்கும் இரண்டு பிரேக்குமே சக்கரத்தை இறுக்கிப் பிடித்துவிடும். அதற்கு மேல் எல்லாம் டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானத்தைப் பொறுத்தது. நீண்ட இறக்கத்தில் விரல் சோராமல், வேண்டிய அளவு மட்டும் பிடிக்க முடிவதுதான் ஹைட்ராலிக்கின் மேன்மை. இதையெல்லாம் சபையில் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். கண்ணை மூடி ‘மாடுலேஷன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

படி 4: ஒயர் பிரேக்கை வாங்கிவிட்டுக் கைவிடுங்கள்

மெக்கானிக்கல் டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு பேடுதான் நகரும். அது ரோட்டரைத் தள்ளி எதிரே இருக்கும் பேடில் சாய்க்கும். பேடு தேயத் தேய அதை நெருக்கி வைப்பது உங்கள் பொறுப்பு. ஹைட்ராலிக்கில் அந்த வேலையை பிஸ்டனே முன்னேறி வந்து பார்த்துக்கொள்ளும். மழையில் நனைந்த ஒயர் உறைக்குள் துருவேறும். ஆறு மாதம் இவற்றில் எதையும் கவனிக்காமல் இருந்துவிட்டு, “மெக்கானிக்கல்னாலே வேஸ்ட்” என்று தீர்ப்பு எழுதுங்கள். ஒயர் அறுந்தால் சின்ன ஊர் சைக்கிள் கடையிலேயே மாற்றிவிடலாம், இரண்டு பேடும் நகரும் நல்ல ரகங்களும் உண்டு என்று யாராவது ஆரம்பித்தால், பேச்சை மாற்றுங்கள்.

படி 5: ஹைட்ராலிக் என்றால் கிடைத்த ஆயிலை ஊற்றுங்கள்

ஆயிலில் இரண்டு சாதி உண்டு, சம்பந்தம் வைத்துக்கொள்ளாது. ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஹோப் பிரேக்குகளுக்கும் ஸ்ராமின் பல மாடல்களுக்கும் டாட் ஆயில். டாட் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டிய டாட் 4, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் லீவர் கைப்பிடி வரை போய் ஒட்டும். சைக்கிளின் பெயின்டில் சிந்தினால் பெயின்டும் உரியும். மினரல் ஆயில் இப்படி ஈரத்தை உறிஞ்சாது. பைக் மெக்கானிக், “பிரேக் ஆயில்தானே சார், நம்மகிட்ட இருக்கு” என்று அன்போடு டாட் பாட்டிலைத் திறப்பார். உங்களுடையது ஷிமானோவாக இருந்தாலும் தடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் சீல்கள் ஊதிக் கெட்டுப்போவதற்குச் சில நாள் அவகாசம் தேவை.

படி 6: அழுத்திப் பாருங்கள், அடித்துப் பாருங்கள்

சைக்கிளைக் காரில் ஏற்றச் சக்கரத்தைக் கழற்றியதும், உங்கள் அக்கா மகன் பிரேக் லீவரை அழுத்துவான். அழுத்தட்டும். நடுவில் ரோட்டர் இல்லாததால் பிஸ்டன் வெளியே தள்ளி வந்து பேடுகள் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கக் கொடுத்த பிளாஸ்டிக் துண்டை வாங்கிய அன்றே குப்பையில் போட்டிருப்பீர்கள் அல்லவா? பிறகு டிஸ்க் கீச்சிட்டால், கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயை ரோட்டரில் அடியுங்கள். சத்தம் நின்றுவிடும். சைக்கிள்தான் நிற்காது. அப்புறம் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ரோட்டரைத் துடைத்து, பேடுகளைத் தூக்கிப்போட்டுப் புதிது மாட்ட வேண்டியிருக்கும். புது பேடு பழகுவதற்காக, மிதமான வேகத்திலிருந்து சக்கரம் இறுகாமல் இருபது தடவை போல மெதுவாகப் பிடித்துப் பிடித்து விட வேண்டும் என்பார்கள். முதல் பழக்கத்தை நேராக மேம்பாலத்தின் இறக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்

இதற்குள் தெரிந்திருக்கும்: இரண்டு பிரேக்கும் அதனதன் வேலையைச் செய்யக்கூடியவைதான், பராமரிக்க ஆள் இருந்தால். ஆள் இல்லையென்றால், டிஸ்க் இருக்கிறது என்று காட்டவே மாட்டிய மலிவு டிஸ்க்கைவிட, ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும், ஒழுங்காக செட் பண்ணிய வி-பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஆகவே விலைப்பட்டியலை மூடிவைத்துவிட்டு, “அண்ணே, ஹைட்ராலிக் வாங்கினா, ஆயில்ல காத்து புகுந்தா ஏர் எடுத்துத் தருவீங்களா?” என்று கேளுங்கள்.

“மினரலா, டாட்டா?” என்று அவர் திருப்பிக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு ஹைட்ராலிக் வாங்குங்கள். “அதெல்லாம் இங்க பண்றதில்ல சார், ஒயர்னா மாத்தித் தரேன்” என்றால் அவர் நேர்மையானவர், ஒயர் பிரேக்கே வாங்குங்கள். “எல்லாத்துக்கும் ஒரே ஆயில்தான் சார்” என்றால், சைக்கிளில் ஏறிப் புறப்படுங்கள். அடுத்த தெரு தாண்டும் வரை பிரேக்கைத் தொட வேண்டாம்.