கட்டுரையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே

பழவேற்காடு ஏரிக்கு இரண்டு வகை விருந்தாளிகள் உண்டு: பூநாரை, ஆராய்ச்சியாளர். பூநாரை ஒற்றைக்காலில் நிற்கும். ஆராய்ச்சியாளரும் நிற்பார்: “அண்ணே, இன்னும் நாலே கேள்விதான்!” பூநாரை மறு வருஷமும் வரும் என்பதுதான் வித்தியாசம்.

பிறகு கட்டுரை ஆய்விதழுக்குப் போகும். ஐந்து பெயர்கள், ஒன்றின் அருகில் மட்டும் நட்சத்திரக் குறி. தொடர்புக்குரியவர் அவர்தான். “இரண்டாம் அட்டவணையில் கணக்கு உதைக்கிறதே” என்று இதழாசிரியர் மின்னஞ்சல் போட்டதும், அவருடைய இன்பாக்ஸ் ஏரி முகத்துவாரம் போல மணல் மூடிக்கொள்ளும். நட்சத்திரம் பகலில் தெரியாதல்லவா?

1997-இல் தொடங்கிய வெளியீட்டு நெறிமுறைக் குழுவான ‘கோப்’ இதற்கு வழி சொல்கிறது. கட்டுரையாளர் பேசாவிட்டால், உடன் எழுதியவர்களைக் கேள், அவர்களும் பேசாவிட்டால் நிறுவனத்தைக் கேள், அதுவும் மௌனமா? 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இரு. செவிடன் காதில் சங்கு, தவணை முறையில்.

இங்கே பழவேற்காட்டில் மீனவர்கள் ‘பாடு’ முறையில், யார் எங்கே வலை கட்டுவது என்று குலுக்கிப் போட்டு முறை வைக்கிறார்கள். முறை வந்த அன்று தூங்குகிறவருக்காக இறால் காத்திருக்காது. இதழாசிரியர் மட்டும் காத்திருக்கிறார்.

பேசாமல் ஊர்ப் பஞ்சாயத்திடமே விட்டுவிடலாம். ஆய்வுக்கு வந்தபோது ஊர் அக்கா வைத்த இறால் தொக்கைத் தின்ற வாய், பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்!