ரொம்பக் கடைசி: மாதனூர்க் கோப்புகளில் பாடபேதம்

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். ஏட்டுக்கு ஏடு வரிகள் மாறியிருந்தன. எது ஆசிரியர் எழுதியது, எது பெயர்த்தெழுதியவர் கைவரிசை என்று நிறுத்துப் பார்த்து, ஏற்றதை மேலேயும் மற்றவற்றை அடிக்குறிப்பிலும் வைத்தார். சி.வை. தாமோதரம் பிள்ளை அதே ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்தபோதும் இதே பாடுதான். இத்தனை பாடுபட்டுக் கற்ற வித்தையைத் தமிழுலகம் ஓலைச்சுவடியோடு நிறுத்திவிட்டது. எக்செல் ஃபைலுக்குச் செம்பதிப்பு என்று ஒன்று இதுவரை நம் பார்வைக்கு வரவில்லை. அக்குறை நீக்க எழுந்தது இவ்வாய்வு.

ஆய்வின் எல்லை மாதனூர்: வடக்கே பாலாறு, தெற்கே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை, கிழக்கே பள்ளிகொண்டா டோல்கேட், மேற்கே ஆம்பூர் பிரியாணி வாசம் எட்டும் தூரம். இதற்குள் இரண்டு சுவடிக்கூடங்கள் ஆராயப்பட்டன. ஒன்று, ஷூ அப்பர் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியின் ஆபீஸ் கம்ப்யூட்டர். மற்றொன்று, அதே கட்டடத்தின் மாடியில் குடியிருக்கும் இக்கட்டுரையாளரின் அக்கா மகனுடைய லேப்டாப். கொரோனாவில் சென்னையிலிருந்து வீடு திரும்பிய அவன், எங்கோ அமெரிக்காவில் இருக்கும் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மெயின்ஃப்ரேமை மாதனூரிலிருந்தே மேய்த்துவருகிறான்.

கீழ்த்தளச் சுவடிகளை முதலில் காண்போம். இன்வாய்ஸ் என்ற ஒரே நூலுக்கு அங்கே கிடைத்த பிரதிகளின் பெயர்கள்: ‘புதுசு’, ‘கடைசி’, ‘ரொம்பக் கடைசி’, ‘பாய் ஓகே’, ‘பயர் ஓகே’, ‘பாய் ஓகே பயர் நாட் ஓகே’. தனியாக ஒன்று, ‘யூஸ் பண்ணாதே’. (பாய் என்பவர் முதலாளி, பயர் என்பவர் சரக்கு வாங்குபவர்.) ‘புதுசு’ என்பதே இவற்றுள் மிகப் பழையது என்பது பெயர்களை மேலோட்டமாகப் பார்த்தவுடனேயே துணியப்பட்டது. எந்த ஆபீஸிலும் ‘புதுசு’ என்று பெயரிட்ட ஃபைல் புதிதாக இருந்ததில்லை.

தேதியைப் பார்த்துக் காலம் கணிக்கலாமே என்பர் சிலர். விண்டோஸில் ஒரு ஃபைலைப் பென்டிரைவிலிருந்து நகலெடுத்தால், திருத்திய தேதி பழையதாகவே இருக்கும். பிறந்த தேதி மட்டும் நகலெடுத்த நாளாகிவிடும். ஆகவே மாதனூர்ச் சுவடிகளுள் பல, பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்டவை. இத்தகைய கால ஆராய்ச்சிக்கு வையாபுரிப் பிள்ளையே வந்தாலும் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் உட்காருவார்.

பவணந்தியாரின் நன்னூல், நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாக வகுக்கிறது. இதைப் பொருத்திப் பார்க்கும் ஆவலில், கணக்கு பார்க்கும் பெண்ணிடம் கள ஆய்வு நிகழ்த்தப்பட்டது.

“இதுல எதும்மா கடைசி?”

“யாருக்குக் கடைசி வேணும் சார்? பாய்க்கா, பயருக்கா?”

இவ்விடையின் ஆழத்தை அளக்க இக்கட்டுரையாளருக்குச் சில நாட்கள் பிடித்தன. ஒரே முதனூலிலிருந்து இரண்டு வழிநூல்கள் கிளைத்து, ஒன்றையொன்று அறியாமல் வளர்கின்றன என்ற உண்மையை, எந்த மென்பொருளும் கற்காத ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். மென்பொருள் உலகில் இதற்குப் பிராஞ்ச் என்று பெயர். பிராஞ்சைப் பிறகு ஒன்றாகச் சேர்க்கவும் வழி உண்டு. மாதனூரில் பாயும் பயரும் ஜூம் காலில் சந்திக்கும்போது சேர்கிறது, அல்லது சேர்வதில்லை.

பூர்வபட்சம் ஒன்று எழக்கூடும்: “ஒரே ஃபைலை வைத்து அதன் மேலேயே சேவ் பண்ணினால் இந்தத் தொல்லை ஏது?” பாய் திங்கட்கிழமை ஒரு விலை சொல்லி, புதன்கிழமை வேறு விலை சொல்லி, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, “திங்கக்கிழமை சொன்னதையே போடும்மா” என்பார். மேலேயே சேவ் பண்ணியவருக்குத் திங்கட்கிழமை கிடையாது. பூர்வபட்சம் இத்துடன் தள்ளப்படுகிறது.

இனி மாடிக்குப் போவோம். மெயின்ஃப்ரேமில் இருப்பது ஐபிஎம்மின் டிபி2. கோட் என்பவர் 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்து, சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் சிஸ்டம் ஆர் என்ற பெயரில் வளர்ந்து, 1983இல் அறிவிக்கப்பட்ட பொருள். அதனோடு பேச லேப்டாப்பில் ஒரு க்ளையன்ட் மென்பொருள் வேண்டும். அது பேசாத நாட்களில் மாடிப்படியில் அக்கா மகன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்நாட்களில் திரட்டிய நோய்க்குறிகளே பின்வருவன.

முதலாவது எஸ்க்யூஎல்30081என். தகவல் போக்கு அறுந்தது என்பதே இதன் பொருள். இந்த எண் வந்ததும் எல்லோரும் டேட்டாபேஸ் படுத்துவிட்டது என்று அலறுவார்கள். அலறுமுன் செய்தியின் வாலில் இருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். 10061 என்றால் மெஷின் வரை போயாயிற்று, அந்தப் போர்ட்டில் கதவைத் திறக்க ஆளில்லை; போர்ட் எண் தப்பாக இருக்கலாம். மெயின்ஃப்ரேம் டிபி2 வழக்கமாகக் காத்திருப்பது 446இல். மற்ற மெஷின்களில் ஓடும் டிபி2வுக்கு வழக்கம் 50000. பழக்கதோஷத்தில் 50000ஐயே மெயின்ஃப்ரேமுக்கும் போட்டுவிடுவார்கள். 10060 என்றால் பதிலே வரவில்லை. நடுவில் ஃபயர்வால் விழுங்கியிருக்கும், அல்லது விபிஎன் செத்திருக்கும். 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளம் மாதனூர்த் தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போனபோது, அக்கரையிலுள்ள குடியாத்தம் காணாமல் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. சுற்றிக்கொண்டு போனார்கள். டேட்டாபேஸ் விஷயத்தில் மட்டும் இந்த நிதானம் வருவதில்லை.

அடுத்தது 30061. கதவு திறந்தது, கேட்ட பெயரில் ஆள் இல்லை. மெயின்ஃப்ரேமில் டேட்டாபேஸ் என்றால் வேறு பொருள். க்ளையன்ட் கேட்பது லொகேஷன் பெயர். பக்கத்து சீட்காரர் சொன்ன நாலெழுத்து சப்சிஸ்டம் பெயரை அதில் எழுதினால் இந்த எண்தான் வரும். 1598 என்பது லைசென்ஸ் நோய். மற்ற சர்வர்களோடு நன்றாகப் பேசிய அதே க்ளையன்ட், மெயின்ஃப்ரேம் என்றதும் சீட்டு எங்கே என்று கேட்கும். லைசென்ஸ் ஃபைலை உரிய இடத்தில் வைத்தால் தீரும். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆராய்ச்சிக்கு உரிய நோய் 805. ஒரு நாள் காலை, ஆபீஸிலிருந்து தானாக அப்டேட் இறங்கியது. மாலையில் நல்லிட் என்னும் பெயர் தாங்கிய பேக்கேஜ் ஒன்றைக் காணோம் என்று திரை சொன்னது.

“மாமா, டேட்டாபேஸ்ல கோளாறு இல்ல. இங்க க்ளையன்ட் புதுசு. அங்க பைண்ட் பண்ணி வச்சிருக்கறது பழசு.”

“அப்போ யாரு பண்ணணும்?”

“அவங்க டிபிஏ. அங்க விடியட்டும்.”

அங்கே விடியும்போது மாதனூரில் மாலை ஆறரை தாண்டியிருக்கும். டிபிஏ என்னும் டேட்டாபேஸ் நிர்வாகிகள் பைண்ட் ஃபைல் பட்டியலைக் கொடுத்து ஒரு கட்டளை ஓட்டினார்கள். அரை டம்ளர் டீ ஆறுவதற்குள் நோய் தீர்ந்தது. புரோகிராம்களில் இப்படி ஒத்துப் பார்க்கும் முறை இன்னும் கறாரானது. கோபால் மொழிப் புரோகிராமை முதலில் ப்ரீகம்பைல் செய்யும்போது, அதிலுள்ள எஸ்க்யூஎல் வரிகள் டிபிஆர்எம் என்ற தனிப் பொட்டலமாகப் பிரியும். மிச்சம் கம்பைல் ஆகி லோட் மாட்யூல் ஆகும். பிரியும்போதே இரண்டின் முதுகிலும் ஒரே காலமுத்திரை குத்தப்படும். ஓடும் நேரத்தில் இரண்டையும் டிபி2 ஒத்துப் பார்க்கும். ஒத்துவராவிட்டால் 805 அல்லது 818 என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிடும். பழைய பாதியும் புதுப் பாதியும் சேர்ந்து தப்புக் கணக்கு போட விடாது.

இவ்வாய்வின் கோட்பாடு இங்கேதான் பிறந்தது. மாடியில் வந்த நோயும் கீழ்த்தளத்து நோயும் ஒன்றே: ஒரு பொருளின் இரண்டு பாடங்கள், தான்தான் மூலம் என்று நினைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கின்றன. மெயின்ஃப்ரேம் அதைக் கண்டுபிடித்துக் கத்துகிறது. ‘ரொம்பக் கடைசி’ கத்துவதில்லை. கண்டெய்னர் சென்னைத் துறைமுகம் போன பிறகு வேறு யாராவது கத்துகிறார்கள்.

வரலாற்றுச் சான்றும் இதற்கு உண்டு. பாடங்களைக் காத்துவைக்கும் மென்பொருளில் முன்னோடியான எஸ்சிசிஎஸ், 1972இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் எழுதியது. பிறந்த வீடு ஐபிஎம் 370 மெயின்ஃப்ரேம். அந்தக் குடும்பத்து மெஷின் ஒன்று 1973இல் சென்னை ஐஐடிக்கும் வந்து சேர்ந்தது. இன்று எல்லோரும் வாய் ஓயாமல் பேசும், அதே வகை மென்பொருளான கிட், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் வேலைக்காக எழுதியது. ஆயினும் மெயின்ஃப்ரேம்காரர்களே பல காலம் கிட்டைத் தொடவில்லை. எட்டெழுத்துக்கு மேல் போகாத மெம்பர் பெயரில் கடைசி எழுத்தை மாற்றி மாற்றியே பிழைத்தவர்கள் உண்டு. அதுவும் ஒருவகை ‘ரொம்பக் கடைசி’தான், இடம் போதாததால் ‘ரொம்ப’ மட்டும் விடுபட்டிருக்கிறது.

கிட்டை மெயின்ஃப்ரேமுக்குக் கொண்டுபோனால் எழுத்துத் தகராறு வேறு. நம் கம்ப்யூட்டரில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தின் எண் 65. மெயின்ஃப்ரேமின் எப்சிடிக் முறையில் 193. மாற்றிக் கொடுக்கச் சொல்லி ஒரு குறிப்பு எழுதி வைக்காவிட்டால் புரோகிராம் முழுவதும் புழு ஊர்ந்தாற்போலத் தெரியும். வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கல்யாணப் பத்திரிகையை யூனிகோடில் திறந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வரிசையும் மாறும்: நம்முடையதில் எண்கள் எழுத்துகளுக்கு முன்னே, அதில் பின்னே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகன் கீழ்த்தள ஆபீஸுக்கும் கிட் போட்டுக்கொடுத்தான். முதல் தடை, எக்செல் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. அதில் எந்த வரி மாறியது என்று கிட்டால் காட்ட முடியாது. அதனால் வெறும் எழுத்தாக, சிஎஸ்வி ஆக்கினான். உடனே இரண்டாம் தடை. சிஎஸ்வியை எக்செலில் திறந்தால், சைஸ் 3-8 என்பது ஆகஸ்ட் 3 ஆகிவிடுகிறது. பூஜ்யத்தில் தொடங்கும் ஆர்ட்டிகிள் நம்பரின் பூஜ்யம் உதிர்ந்துவிடுகிறது. சேவ் பண்ணினால் அதுவே நிலைத்துவிடும். இதை யாரும் இலேசாக எண்ண வேண்டாம். இதே எக்செல் மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றித் தொலைத்ததால், 2020இல் உலக அளவிலான பெயர்க்குழு மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயரையே மாற்றிவிட்டது. செருப்பு சைஸை மாற்ற முடியாது, கால்கள் சம்மதிக்கா. அந்த நெடுவரிசைகளை டெக்ஸ்ட் என்று சொல்லி இறக்கினால் தப்பிக்கலாம்.

கிட்டில் ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு குறிப்பு எழுதியாக வேண்டும். சிறப்புப் பாயிரத்துக்கு நன்னூல் எட்டுச் செய்திகள் கேட்கிறது: யார் செய்தது, எதன் வழி வந்தது, எங்கே வழங்குவது, எதைப் பற்றியது, யாருக்கு, என்ன பயன் என்று போகும் அது. செய்தவர் பெயரையும் எதன் வழி என்பதையும் கிட் தானே எழுதிக்கொள்கிறது, பவணந்தியார் மெச்சுவார். மிச்சத்தை மனிதர் எழுத வேண்டும். முதல் வாரத்துப் பாயிரங்கள்: “மாத்தினேன்.” “மறுபடி மாத்தினேன்.” “பாய்.” “பாய் பாய்.” கடைசியாகச் சொன்னது விளிப்பா, விடைபெறுதலா, சலிப்பா என்பதில் உரையாசிரியர்கள் உடன்படார்.

கட்டுரை முடியும் தறுவாயில் ஒரு புதிய சான்று கிடைத்தது. அனுப்பிய சரக்குக்கான பேப்பர்களை பேங்க் திருப்பிவிட்டது. கம்பெனி முகவரியில் சில பிரதிகள் வேலூர் மாவட்டம் என்கின்றன, சில திருப்பத்தூர் மாவட்டம். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்ததன் எச்சம். அதுதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். காரணம் அதுவன்று. உலக பேங்குகள் 2007 முதல் பின்பற்றும் யுசிபி 600 விதிகளில், முகவரி எல்சியில் (லெட்டர் ஆஃப் கிரெடிட்) உள்ளதுபோலவே இருக்கத் தேவையில்லை, நாடு மாறாமல் இருந்தால் போதும். இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் மட்டும் எல்சியோடு ஒத்துப்போக வேண்டும். மாதனூரின் 818 அதுதான். ‘ரொம்பக் கடைசி’யில் யாரோ லைனிங் பற்றி இரண்டு சொல் அதிகம் சேர்த்திருந்தார்கள், இடைச்செருகல். எல்சியில் இருந்தபடியே விவரம் எழுதியிருந்த பிரதி ஒன்றுதான்: ‘யூஸ் பண்ணாதே’.

அதை எடுத்து, திருத்தி அனுப்பி, பேங்க் ஏற்ற அன்று மாலை கணக்கு பார்க்கும் பெண் கிட்டில் எழுதிய பாயிரம் முழுமையாக இங்கே தரப்படுகிறது: “பழசுக்கே போயாச்சு. பேங்க் ரிட்டர்ன். லைனிங் சேர்க்கச் சொன்னது பாய். நான் வேணாம்னேன்.” எட்டில் ஐந்து தேறுகிறது.