பூஜைக்கு முந்தைய நாள் மேஸ்திரி

பிரான்சில் 1984 முதல் ஆண்டுக்கு ஒருமுறை, வழக்கமாகப் பூட்டியிருக்கும் பழம்பெரும் கட்டடங்களின் கதவுகள் பொதுமக்களுக்காகத் திறக்கப்படுகின்றன. அந்நாட்டின் ஆட்சியில் நெடுங்காலம் இருந்த புதுச்சேரியின் பட்டறைகளுக்கோ அப்படியொரு ஏற்பாடு தேவைப்படவில்லை. நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் தொழிற்கருவிகளைத் துடைத்துப் பொட்டிட்டு வணங்கும் ஆயுத பூஜையே அந்த வேலையைச் செலவில்லாமல் செய்துவிடுகிறது. (செலவில்லாமல் என்பதை முதலாளிமார் ஒப்புக்கொள்வதில்லை.)

அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்குமிடத்தருகே, தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய படகுப் பட்டறைகளில், இந்த நாளுக்கு முந்தைய மாலையில் முழு உருவம் பெறுபவர் தலைமை மேஸ்திரி. இங்கு உருவாகும் பைபர் படகு, மெழுகு தேய்த்த அச்சுக்குள் ஜெல்கோட் என்னும் நிறப்பூச்சைப் பூசி, அதன்மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்து, கெட்டிப்படுத்தும் திரவம் கலந்த ரெசினால் ஊறவைத்து, இறுகியபின் அச்சிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக இத்தகைய படகுகள் ஏராளமாக வழங்கப்பட்டதால் கட்டுமரத்தின் இடத்தை இது வேகமாகப் பிடித்துக்கொண்டது. இறுகிய ரெசினை மறுபடி இளக்க முடியாது என்பதால், அசிட்டோனில் அலசத் தவறிய ஒவ்வொரு பிரஷும் கட்டையாகிவிடுகிறது. மேஸ்திரியோ அந்தக் கட்டையையும் எறியவிடாதவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் பழுதுபார்க்கக் கரையேறிய படகுகளிலிருந்து கழற்றிய பலகை, துருப்பிடித்த போல்ட், உடைந்த சுக்கான் ஆகிய அனைத்தும், "இருக்கட்டும்பா, ஒரு நாளைக்கு ஆவும்" என்ற ஒற்றை ஆணையின் பாதுகாப்பில் அக்டோபர் வரை அங்கேயே வாழ்கின்றன. அதே ஆற்றங்கரையில் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அத்தனை பானையோடுகள் அகப்பட்டதைப் பார்த்தால், பண்டைய துறைமுகத்தில் இத்தகைய மேஸ்திரி எவரும் பணியில் இல்லை என்று துணியலாம்.

எதையும் எறியக்கூடாது, ஆனால் எதுவும் கண்ணில் படவும் கூடாது என்ற இரட்டைக் கட்டளையை அவர் நிறைவேற்றும் முறை எளியது: பட்டறையிலேயே மிகப் பெரிய பாத்திரம், பாதி முடிந்து நிற்கும் புதுப் படகு. காலி டிரம் முதல் கட்டைப் பிரஷ் வரை யாவும் அதற்குள் இறங்க, வடகிழக்குப் பருவமழை நெருங்குவதைக் காரணம் காட்டி மேலே தார்ப்பாய் கட்டப்பட்டு, தார்ப்பாயின்மேல் கலர்க் காகிதமும் மாவிலைத் தோரணமும் ஏறுகின்றன. மறுநாள் குடும்பத்தோடு வரும் படகின் சொந்தக்காரர், உள்ளே எட்டிப் பார்க்க விரும்பும் கணத்தில், பொரிகடலைப் பொட்டலம் அவருடைய இரு கைகளையும் நிரப்பிவிடுகிறது.

மேஸ்திரியின் உண்மையான கலை வெளிப்படுவது கருவிகளை அடுக்கும்போதுதான். ரெசினுக்குள் சிக்கிய காற்றுக்குமிழை வெளியேற்றும் இரும்பு ரோலர், டிரில், ரம்பம், கிரைண்டர் ஆகியவை சந்தனக் குங்குமத்தோடு வரிசையில் அமர, அவற்றுள் ஆகப் பளபளப்பானது பெரும்பாலும் பக்கத்துப் பட்டறையிலிருந்து தடைக்காலத்தில் இரவல் வந்து திரும்பாததாக இருக்கும். பூஜையில் வைத்த கருவியை விஜயதசமி வரை எவரும் தொடலாகாது என்னும் மரபு, வாசலிலேயே அதை அடையாளம் கண்டுகொள்ளும் உரிமையாளரின் வாயை அடைத்துவிடுகிறது. மேஸ்திரி தாமே முன்வந்து அவருக்கு விபூதி நீட்டி, "அண்ணே, ஒங்க கையாலயே சூடம் காட்டுங்க" என்று வேண்ட, அவரும் தம்முடைய கிரைண்டருக்குத் தாமே தீபம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.