இதக் கொஞ்சம் புடிங்க, சேர்

நிக்காஹ் அழைப்பிதழ் ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவதற்காக அஸர்த் தொழுகைக்குப் பின் காக்காவின் வளவுக்குள் நுழைந்த நான், இஷாவுக்குப் பாங்கு சொல்லும்வரை ஒரு மோட்டார் சைக்கிள் சில்லை அதன் அச்சோடு இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு நின்றேன் என்று சொன்னால், பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு மறுபிறவி கொடுக்கும் மனிதர் ஒருவரைத் தம் ஒழுங்கையில் உடையவர் எவரும் அதில் அதிசயமேதும் காணமாட்டார். அவர் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி ஓசை கேட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். என் சட்டைப்பையில் இருந்த அழைப்பிதழோ வியர்வையில் நனைந்து, மணமகனின் பெயரும் மணமகளின் பெயரும் நிக்காஹுக்கு முன்னரே ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

நாம் சொன்ன ஸலாத்துக்குப் பதில் சொல்லும் வாயோடு வாயாகவே, "இதக் கொஞ்சம் புடிங்க, சேர்" என்பார் காக்கா. முப்பது வருஷம் பாடசாலையில் தமிழ் இலக்கணம் போதித்து ஓய்வு பெற்ற எனக்கு, இந்த மூன்று சொற்களையும் சாங்கோபாங்கமாக ஆராய்வதற்கு வேண்டிய அவகாசத்தை அவரே தாராளமாக அளித்திருக்கிறார். அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டு என்று தொல்காப்பியர் வகுத்தார். அவற்றுள் இகரம் அண்மையைக் காட்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து நானும் சம்பளம் வாங்கினேன். ஆனால் காக்காவின் 'இது' எஞ்சினுக்கு அடியிலே, சங்கிலிக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையிலே, இருட்டிலே, எண்ணெய்ப் பிசுக்கிலே கிடக்கும். அதனை அணுகவேண்டுமாயின் ஒரு முழங்காலை நிலத்திலும் ஒரு கன்னத்தைப் பெற்றோல் டேங்கியிலும் ஊன்றவேண்டும். 'கொஞ்சம்' என்பது நிறையைக் குறித்ததா பொழுதைக் குறித்ததா என்ற ஐயத்தை உரையாசிரியர் எவரும் தீர்த்துவைக்கவில்லை. கியர்ப்பெட்டியின் நிறையையும் ஒரு மாலைப்பொழுதின் நீளத்தையும் ஒருங்கே அனுபவித்தவன் என்ற முறையில், அது இரண்டையும் குறித்ததன்று என்பதே என் துணிபு. 'புடிங்க' என்பது ஏவல். அதற்கு எதிர்ப்பதமாக 'விடுங்க' என்ற சொல் நம் மொழியில் உண்டு என்பதை அவர் அறிவார் என்பதற்கு இன்றுவரை எனக்குச் சான்று கிடைக்கவில்லை.

பிடிக்கக் கிடைக்கும் பொருள்களுள் மிக இலேசானது டோச் லைற். அது கையை வெட்டாது, கரி பூசாது, காலில் விழுந்தாலும் விரல் தப்பும். ஆயினும் அதைப் பிடிப்பவன் அடையும் அவமானம் வேறெதைப் பிடிப்பவனுக்கும் இல்லை. அவர் பார்க்கும் இடத்தில் ஒளி விழவேண்டும். அவர் எங்கே பார்க்கிறார் என்பதோ, அவருடைய தலை குறுக்கே நிற்பதனால், நமக்குத் தெரியாது. ஒரு குத்துமதிப்பில் நான் ஒளியைச் செலுத்த, அவர் தலையைத் திருப்பாமலே, "சேர், நீங்க பாக்கிற இடத்துக்கு அடிக்காதீங்க, நான் பாக்கிற இடத்துக்கு அடிங்க" என்று சொன்னபோது, ஞானிகள் தம் சீடருக்கு மலை உச்சியில் வைத்து உபதேசித்ததெல்லாம் இதுதானோ என்று நான் பிரமித்து நின்றதுண்டு. ஒருநாள் அவர் கையிலிருந்து ஒரு நட் நழுவி விழுந்தது. அது உருண்டு போன திசை மறந்துபோகாமல் இருக்கும்பொருட்டு ஒளியை அங்கேயே அசையாமல் வைத்திருக்கும்படி எனக்குப் பணித்துவிட்டு, களைப்பாற உள்ளே போனவர் அரை மணித்தியாலம் கழித்தே திரும்பினார். அவரோடு எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி வந்தது. அதைப் பிடிக்க எனக்குக் கை இருக்கவில்லை.

இத்தனை கைங்கரியமும் பீ.எஸ்.ஏ. எம்20 என்னும் ஒரேயொரு வாகனத்தின்பொருட்டு. பேர்மிங்ஹாம் நகரத்துத் தொழிற்சாலையில் 1937 முதல் 1955 வரை உற்பத்தியான வர்க்கம் அது. 496 கன சென்ரிமீற்றர் கொண்ட ஒற்றைச் சிலிண்டர். வால்வுகள் தலைமேல் ஏறாமல் பக்கத்திலே அடக்கமாக நிற்கும் பழைய பாணி. வலுவோ 13 குதிரை மாத்திரமே. பின்சில்லுக்கு ஸ்பிரிங் என்ற சலுகை கிடையாது; அந்தப் பொறுப்பு ஆசனத்துக்கும் அமர்பவரின் முதுகெலும்புக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் மாத்திரம் இவ்வினத்தில் ஏறத்தாழ 126,000 செய்து பிரித்தானியப் படைக்குக் கொடுத்தார்கள். அவற்றுள் ஒன்று, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கிய வேளையில், குண்டு மழைக்கு ஊடாகச் செய்தி கொண்டோடியது என்பதும், அது இதுவே என்பதும் காக்காவின் சித்தாந்தம். எங்கள் மாவட்டத்தில் எந்தத் துருப்பிடித்த இரும்பை விசாரித்தாலும் அது அன்று காலை சீனக்குடாவில்தான் நின்றிருக்கும். அத்தனையும் நின்றிருந்தால் அங்கே ஒரு விமானம் இறங்கவும் இடம் இருந்திராது. 1957 இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது கைவிடப்பட்ட குழந்தை இது என்பார். சாட்சியாக ஆங்கில எழுத்துப் பொறித்த இலக்கத்தகடு ஒன்றை எடுத்துக் காட்டுவார். தகடுகளில் சிங்கள ஸ்ரீ புகுந்து, தமிழர் தார்ச்சட்டியோடு தெருவில் இறங்கிய காலத்துக்கு முந்திய தகடு அது என்பதில் ஐயமில்லை. அந்தத் தகடு இந்தச் சைக்கிளுக்குத்தான் உரியதா என்று வினவியவர்களுக்கு அன்று பிடிக்கக் கொடுக்கப்பட்ட சாமான் சற்றுப் பெரிதாக இருந்தது.

பிடிப்பதோடு ஊழியம் முடிவதில்லை, எடுத்தும் கொடுக்கவேண்டும். யப்பானிய வாகனங்களின் நட்டுகள் மில்லிமீற்றரில் அளந்தவை. பத்து என்றால் பத்து. காக்காவின் ஆங்கிலேயப் பிராட்டிக்கோ விற்வேர்த் என்னும் தனி அளவு. அந்த ஸ்பானரில் பொறித்திருக்கும் எண் நட்டின் தலையகலம் அன்று, உள்ளே மறைந்து கிடக்கும் போல்ற்றின் விட்டம். ஆகவே 'கால்' என்று எழுதிய ஸ்பானர் ஏறக்குறைய அரை அங்குலத் தலையைக் கவ்வும். இதை அறியாமல் கண்ணளவால் ஸ்பானர் எடுத்துக் கொடுத்த என்னை அவர் பார்த்த பார்வையில், சந்தி பிரிக்கத் தெரியாத மாணவனை நான் பார்த்த பார்வைகள் அத்தனையும் வட்டியோடு திரும்பி வந்தன.

மெக்னற்றோவின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். "பெற்றரி இல்லாமலே நெருப்புப் போடும் சேர், அதுதான் அந்தக் காலத்து வேலை" என்று அவர் அதைப் புகழ்ந்தபோது, பெற்றரி இல்லாத வாகனத்தில் மின்சாரம் ஏது என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். "இந்த வயரக் கொஞ்சம் புடிங்க." பிடித்தேன். அவர் கிக்கரை உதைத்தார். காந்தத்தின் நடுவே செப்புக் கம்பிச் சுருள் சுழல, தொடுமுனைகள் இரண்டும் விலகும் அந்தக் கணத்தில் ஆயிரக்கணக்கான வோல்ற்று அழுத்தம் பிறக்கிறது என்ற பௌதிக உண்மையை நான் முதலில் முழங்கையிலும் பின்னர் தோளிலும் கற்று, இறுதியாக வேலியோரத்து வாழையடியில் அமர்ந்து சிந்தித்தேன். காக்கா ஓடி வந்தார். என்னைத் தூக்கத்தான் வருகிறார் என்று கையை நீட்டினேன். "அப்ப நெருப்பு வருது, என்ன சேர்?" என்றார். அந்த முகத்தில் அப்போது இருந்த பூரிப்பை என் சொந்தப் பிள்ளைகள் பரீட்சையில் சித்தி எய்திய நாளிலும் நான் யாரிடத்தும் கண்டதில்லை.

ஹொண்டா சீ.டீ.125 களைக் கொண்டுவந்து பின்பக்கத்தை வெட்டி, தட்டையான சீற் வைத்து, லண்டன் கஃபே வாசல்களில் அறுபது வருஷத்துக்கு முன் இளைஞர்கள் ஓட்டியதுபோல ஆக்கித் தரும்படி கேட்கும் பொடியன்மாருக்கும் அவர் செய்து கொடுப்பதுண்டு. அந்தக் காசில்தான் பீ.எஸ்.ஏ. சீவிக்கிறது. காக்கா வீட்டு ராத்தாவின் குளிர்சாதனப் பெட்டியில் பாரைமீன் துண்டுகளுக்குப் பக்கத்தில் பேரிங் ஒன்று சுருங்குவதற்காக நாட்கணக்காகக் கிடந்ததையும், அது புகவேண்டிய அலுமினியக் கூடு பெருக்கவேண்டி அடுப்பில் ஏறியதையும் பற்றி ராத்தாவே பேசாதபோது நான் பேசுவது முறையன்று.

ஆனால் என் சொந்த வழக்கை நான் பேசலாம். 2022 ஆம் வருஷம், நாட்டில் எரிபொருள் அற்றுப்போய், கியூஆர் அட்டையைக் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களில், வெயிலில் வரிசையில் நின்று நான் பெற்றுவந்த 4 லீற்றரில் ஏறக்குறைய பாதியை, "கொஞ்சம் தாங்க சேர்" என்று வாங்கி, காக்கா கியர்ப்பெட்டி கழுவினார். குடிக்கத் தண்ணீர் கேட்டவன் அதில் கால் கழுவியதைப் பார்த்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்குச் சற்று முன், 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுப் பழைய சைக்கிள்களின் விலை ஆகாயத்துக்கு ஏறியபோது, 'நான் அப்பவே சொல்லல்லியா' என்று ஊரெல்லாம் தீர்க்கதரிசியாகத் திரிந்தவரும் இவரே. என்னுடைய ஹொண்டாவின் சீற்றை, ஓர் இளைஞனின் சீற்றுக்கு மாதிரி எடுப்பதற்கென்று இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்கினார். மாதிரி எடுத்தார். இளைஞன் புது சீற்றில் ஏறிப் போய்விட்டான். நான் பதினான்கு மாதமாக ஒரு தலையணையைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் அமர்ந்து சந்தைக்குப் போய் வருகிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியன் ஒருவன் தலையணையில் ஏறிப் போவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இதில் எனக்கு நகைச்சுவை எதுவும் தோன்றவில்லை.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, பாதை என்னும் மிதவை எப்போது இக்கரைக்கு வரும் என்று கரையில் நின்று நின்றே பட்டினம் போய்ப் பழகிய மனிதர்கள் நாங்கள். ஆதலால் நிற்கச் சொன்னால் நிற்பது எங்கள் இரத்தத்தில் ஊறிய குணம்போலும். குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டப்படுகையில், 2021 நவம்பரில், பள்ளிப் பிள்ளைகள் ஏறிய பாதை கவிழ்ந்த துயரத்தைச் சிரிப்பு எழுதும் தாளில் விரித்தெழுத என் கை துணியாது. அந்த நாட்களில் காக்காவின் தகரக் கொட்டிலும் பூட்டியே கிடந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன மாதம் ஒருநாள் பீ.எஸ்.ஏ.க்கு உயிர் வந்தது. காபரேட்டரின் குமிழை அழுத்திப் பெற்றோல் கசியும்வரை நிரப்பி, நெருப்பைத் தாமதப்படுத்தும் லீவரை என்னைப் பிடிக்கச் சொல்லி (அதைத் தாமதப்படுத்தாவிட்டால் கிக்கர் திருப்பி உதைத்துக் கணுக்கால் முறியும், முறிவது அவருடைய கால் என்பதனால் அன்று நான் பிடித்த பிடியில் சிரத்தை இருந்தது), வால்வு தூக்கியை அழுத்தி, பிஸ்டன் உச்சியைச் சற்றே கடந்ததும் விட்டு, பிஸ்மி சொல்லி ஓங்கி மிதித்தார். ஏழாவது மிதியில் அது இருமிற்று; பதினொன்றாவதில் பேசிற்று. அவசரமில்லாத, நெஞ்சுக்குள் தட்டுகின்ற, ஒவ்வொரு அடிக்கும் இடையில் யோசித்துப் பார்க்கின்ற ஓசை. ஒழுங்கைப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தார். காக்கா ஏறி அமர்ந்து பள்ளிவாசல் சந்திவரைக்கும் போய், திரும்பி வந்து, எஞ்சினை நிறுத்தி, காதை அதனோடு வைத்து வெகுநேரம் இருந்தார்.

மறுநாள் சுபஹுக்குப் பின் நான் எட்டிப் பார்த்தபோது, எஞ்சின் மறுபடியும் சாக்கின்மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. தப்பெற் சத்தம் ஒன்று தமக்குத் திருப்தியாக இல்லையாம்.

அன்று பின்னேரம் கோபத்தோடுதான் போனேன். சீற்றைக் கேட்டு வாங்காமல் திரும்புவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டே புறப்பட்டேன். இருட்டிவிடும் என்பதற்காக என் டோச் லைற்றையும் எடுத்து, போகிற வழியில் கடையில் அதற்கு இரண்டு புதுப் பெற்றரி வாங்கிப் போட்டுக்கொண்டேன். காக்கா தலையைத் தூக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் கிட்ட, சேர்."