கடைசிப் பந்தி ரசம்

ஏட்டி, இங்க வா. அபிஷேகப்பட்டி யுனிவர்சிட்டியில சமூகவியலு கிடைச்சிருச்சாமே! ஒருத்தன் பணக்காரனாவும் இன்னொருத்தன் ஏழையாவும் ஏன் இருக்கான்னு ரெண்டு வருசம் படிக்கப் போறியாக்கும். பத்தமடைக்காரனுக்கு அது பொறந்த அன்னைக்கே தெரியும். பட்டம்தான் குடுக்கலை.

அதென்ன, நேத்து கினி குணகம்னு ஒண்ணு சொன்னியே? எனக்குத் தெரிஞ்சது கினிக்கோழிதான். எல்லாருக்கும் சமமா இருந்தா பூச்சியம், ஒருத்தனே அம்புட்டையும் அமுக்கிட்டா ஒண்ணு. இதைச் சொல்ல இத்தாலிக்காரன் எதுக்குட்டீ? கல்யாண வீட்டுல முதப் பந்தி ரசத்தையும் கடைசிப் பந்தி ரசத்தையும் குடிச்சுப் பாரு, தெரிஞ்சிட்டுப் போவுது.

பந்தின்னதும் ஞாவகம் வருது. இந்தா இருக்க சேரன்மகாதேவியில 1922-ல வ.வே.சு. ஐயர் குருகுலம் வச்சாரு. தமிழு, தேசபக்தி, எல்லாருக்கும் ஒண்ணாத்தான் சொல்லிக் குடுத்தாக. சோறு மட்டும் பிராமண வீட்டுப் பையனுக ரெண்டு பேருக்குத் தனியா. ரெண்டே ரெண்டு இலை! வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கிளப்புன கிளப்புல காங்கிரசே ஆடிப் போச்சு. அந்த ரெண்டு இலை உன் குணகத்துல புள்ளிக்குப் பிறவு எத்தனாவது இடத்துல வரும்? தேடிப் பாரு.

உனக்கு முன்னாலயே இப்படிக் கணக்குப் பாத்தவரு உண்டு. கில்பர்ட் ஸ்லேட்டர்னு ஒரு வெள்ளைக்காரரு, மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு முதப் பொருளாதாரப் பேராசிரியர், வெவரமான ஆளு. 1916-ல பயலுகளை ஊர் ஊரா கணக்கெடுக்க விட்டாரு. நம்ம கங்கைகொண்டானும் அதுல உண்டு. 1918-ல புஸ்தகமாவே வந்துட்டு.

நீயும் அதே மாதிரி கணக்கெடுக்கத் தாளைத் தூக்கிட்டு வருவே. வயக்காரர்ட்ட வருமானம் கேட்டா, மோதிர விரலை மடக்கிக்கிட்டு, "ஏது வருமானம், எல்லாம் நட்டம்"பாரு. பாய் நெய்யுத அக்காட்ட கடன் கேட்டா, "அல்லா புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல"ம்பா. ரெண்டையும் அப்படியே கூட்டிக் கழிச்சு பட்டம் வாங்கிராதே.

பேனாவை மூடிட்டு அவ கையைப் பாரு. ஆத்துத் தண்ணியில ஊறுன கோரையை நரம்பாட்டம் கீறி, ஒவ்வொண்ணா பாவுக்குள்ள சொருகுதா. பட்டுப்பாய்னா 140 பாவு வரைக்கும் போவும், கண்ணு அவிஞ்சிரும். எலிசபெத் ராணிக்கே நம்மூர்ப் பாய் போச்சுன்னு டீக்கடையில நாங்க பெருமை பீத்துவோம், நெய்யாத ஆம்பளைக நாங்க. நெய்யுதவ ராத்திரி எதுல படுக்கான்னு ஒருத்தனும் கேட்டதில்ல.

நீ கேப்பே, தெரியும். ஆனா நீ படியேறுன உடனே அவ பக்கத்து வீட்டுல நாற்காலி வாங்கி உனக்குப் போட்டுட்டு, தரையில உக்காருவா. அதை எழுத உன் தாள்ல கட்டம் இருக்காட்டீ?